சிற்றூரும் திருப்பதியும்



காட்பாடியில் வண்டி மாறிப் பாகாலா வழியாகத் திருப்பதிக்குச் சென்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழர் வேறு வழியாக வந்து சேர்ந்திருப்பர். சித்தூரிலும் திருப்பதியிலுமே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்க்கோ அவ்வழி அன்றாடம் பழகிய வழி. அங்குள்ள நிலையங்களின் பெயர்ப்பலகைகளைத் தெலுங்கு எழுத்திற் காணும்போது, அவ்வெழுத்து அறியாதார்க்கு அவை அயலூராகவே தோன்றும். ஆயினும், உடன் வருபவர் ஒருவர் அவற்றை உரக்கப் படித்துக் காட்டுவாராயின் நம் செவி விழித்துக்கொள்ளும். சித்தூர் என்பார், சிற்றூர் என்று கேட்கும். திருமல என்பார், திருமலை என்று கேட்கும். எழுத்து வேறு, ஒலியிற் சிறு திரிபு. பொருளோ நம் பாட்டி பேசிய தமிழ்ப் பொருள்.

இப்பெயர்கள் எங்ஙனம் தோன்றின? அவை யாருக்கு உரியன? இவ்விரண்டு வினாக்களையும் இன்று சிறிது சிந்திப்போம். முதல் வினா அறிஞர்க்கு உரியது போலத் தோன்றும். இரண்டாவது வினாவோ, பிற மாநிலத்தில் வாழும் ஒவ்வொரு தமிழர் உள்ளத்தையும் என்றேனும் ஒரு நாள் தொட்டிருக்கும்.

ஊர்ப்பெயர் பிறக்கும் முறையை விளங்கிக்கொள்ள, முதலில் நெடுந்தொலைவிலுள்ள ஒரு நகரை எடுத்துக்கொள்வோம். கொரியா நாட்டின் தலைநகர் சியோல். அப்பெயரின் பொருள் யாதெனில், தலைநகர் என்பதே! பண்டைச் சில்லா அரசின் தலைநகரைக் குறித்த சொரபொல் என்னும் சொல்லே தேய்ந்து, எந்தத் தலைநகரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக ஆயிற்று என்பது அறிஞர் பலர் கொள்கை. 1394-ஆம் ஆண்டில் சோசன் மரபினர் தம் தலைநகரை இன்றுள்ள இடத்திற்கு மாற்றியபோது, அதன் ஏட்டுப் பெயர் ஹன்யாங், பின்னர் ஹன்சொங். 1910 முதல் 1945 வரை ஆண்ட ஜப்பானியர் கெய்ஜோ என்றனர். ஆட்சி மாறுந்தோறும் ஏட்டிலே பெயர் மாறிற்று. மக்களோ தம் பேச்சு வழக்கில் அதனைச் சியோல் என்றே வழங்கினர். ஜப்பானியர் ஆட்சி நீங்கியபின், அம்மக்கள் வழக்கே நாட்டின் ஏட்டுப் பெயரும் ஆயிற்று. சீனர் அதனைப் பழைய ஹன்சொங் என்னும் பெயராலேயே எழுதிவந்தனர். 2005-ஆம் ஆண்டில், சியோல் என்னும் ஒலிக்கு அணுக்கமான சீன எழுத்துகளை அந்நகராட்சியே தேர்ந்து அறிவித்தது.

இதனின்று இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒரு பொதுச்சொல், சிறப்பு மிகுதியால், ஒரே ஊருக்கு உரிய பெயராகிவிடும் என்பது ஒன்று. அரசர் இட்ட பெயரினும் மக்கள் நாவிற் பயின்ற பெயரே நிலைக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டு செய்திகளையும் திருப்பதியிற் பொருத்திப் பார்ப்போம்.

தமிழிலே பதி என்றால் ஊர், உறைவிடம். திரு என்னும் அடைமொழி சேர்ந்தால் திருப்பதி, அஃதாவது திருவருள் நிறைந்த ஊர். வைணவ மரபில் இச்சொல் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆழ்வார்கள் பாடிய தலங்கள் அனைத்தும் திருப்பதிகளே. நூற்றெட்டுத் திருப்பதி என்று எண்ணிச் சொல்வது முன்னோர் வழக்கம். பாண்டி நாட்டிலே, பொருநையாற்றின் இரு கரையிலும் உள்ள ஒன்பது தலங்களை நவதிருப்பதி என்று இன்றும் வழங்குகிறோம். அங்ஙனம் இருக்க, 'திருப்பதிக்குப் போய்வந்தேன்' என்று ஒருவர் சொன்னால், எந்தத் திருப்பதி என்று எவரும் வினவுவதில்லை. கொரியர்க்குத் தலைநகர் என்னும் சொல் ஒரு நகரின் பெயரானாற் போல, நமக்குத் திருத்தலம் என்னும் சொல் ஓர் ஊரின் பெயராயிற்று.

வடமொழி கற்றோர் இப்பெயரை வேறு வகையாக விளக்குவர். அம்மொழியிற் பதி என்பது தலைவனைக் குறிக்கும். ஆகவே, திருவின் தலைவன், திருமகள் நாயகன் என்று பொருள் கொள்வர். தமிழன் ஊரைக் காணும் சொல்லில் வடமொழியாளர் இறைவனைக் காண்கின்றனர். எனினும், நூற்றெட்டுத் திருப்பதி என்று எண்ணும் வழக்கை நோக்கினால், ஊர் என்னும் பொருளே முந்தியது என்று கொள்வது பொருத்தமாகும்.

இன்றுள்ள கீழ்த் திருப்பதி, கோவிந்தராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர். இராமாநுசர் 1130-ஆம் ஆண்டில் அக்கோயிலை நிலைநாட்டினார் என்பது வைணவ மரபு. அவ்வூர் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே அம்மலை புகழ் பெற்றிருந்தது. அப்போது அதன் பெயர் வேங்கடம்.

சங்கப் பாடல்களிலே வேங்கடம் பலகால் பேசப்படுகிறது. கள்வர் கோமான் புல்லி என்பான் அம்மலைக்குத் தலைவன். அவன் நாட்டு விழாச் சிறப்பினை மாமூலனார் பாடியுள்ளார். ஆதனுங்கன் என்னும் வள்ளலும் வேங்கடத்திற்கு உரியவனாகப் புறநானூற்றிற் காணப்படுகிறான். தொல்காப்பியப் பாயிரம் பாடிய பனம்பாரனார், தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கெல்லை வேங்கடம் என்றும் தெற்கெல்லை குமரி என்றும் வரையறுத்தார்.

வேங்கடம் என்னும் சொல்லின் பொருள் யாது? கடம் என்பது காட்டையும், கடத்தற்கரிய பாலை வழியையும் குறிக்கும் தமிழ்ச்சொல். வேம் என்பது வேகின்ற என்று பொருள்படும். கோடையில் வெந்து கிடக்கும் காட்டு வழி என்பது அறிஞர் கூறும் ஒரு விளக்கம். அகநானூற்றிலே வேங்கடத்தைப் பேசும் பாடல்கள் பெரும்பாலும் பாலைத்திணைப் பாடல்களாக இருத்தல் இவ்விளக்கத்திற்கு அரணாகிறது. பொருள் தேடப் பிரிந்த தலைவன் வேங்கடத்தைக் கடந்து சென்றான் என்று தலைவி வருந்துவாள். புராணங்களோ இப்பெயருக்கு வேறு பொருள் கூறும். வேம் என்பது பாவம், கட என்பது எரித்தல். பாவத்தை எரிக்கும் மலை வேங்கடம் என்று அவை உரைக்கும். இரண்டு விளக்கமும் எரித்தலிலே வந்து முடிவது வியப்பன்றோ! தமிழ்ப் புலவன் கண்டது கால் சுடும் வெம்மை. புராணிகன் கண்டது வினை சுடும் வெம்மை.

வேங்கடத்திற்கு அப்பாலுள்ள நிலத்தைச் சங்கப் புலவர் மொழிபெயர் தேயம் என்றனர். பேச்சு மாறும் நாடு என்பது கருத்து. அதனைப் பகைவர் நாடு என்று அவர் கூறவில்லை. பொருள் தேடுவோன் அங்குச் செல்வான், திரும்பியும் வருவான். பொருள் தேடி மொழி வேறான நாட்டிற்குச் செல்லும் தமிழன் இற்றை நாளிற் புதிதாகத் தோன்றியவன் அல்லன். வடபுலத்தினின்று தெற்கே வந்தோரும் உண்டு. வேங்கட நாட்டிலே பசி வந்துற்றதனால், தம் பெருஞ்சுற்றத்தோடு தெற்கு நோக்கி வந்ததைக் கல்லாடனார் என்னும் புலவர் புறநானூற்றிற் குறிப்பிடுகின்றார். ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழும் உங்களுக்கு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அப்புலவர் உறவினர் போலத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

பாலை வழியாக இருந்த வேங்கடம் படிப்படியாகத் திருமாலின் மலை ஆயிற்று. சிலப்பதிகாரத்திலே, மாங்காட்டு மறையோன் அம்மலைமேல் நின்ற நெடுமாலைக் காணப் புறப்பட்டு வந்ததாகக் கூறுகிறான். ஆழ்வார்கள் காலத்தில் அது திருவேங்கடம் என்னும் பெருமை பெற்றது. அம்மலையில் ஏதேனும் ஒரு பொருளாகப் பிறத்தல் வேண்டும் என்று ஏங்கிய குலசேகராழ்வார், இறைவன் திருமுன் படியாகக் கிடக்கவும் விழைந்தார். அதனால், கருவறை வாயிற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர் வழங்குகிறது.

திருமலை திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாடு என்று அந்நிலப்பகுதியை அவை குறிக்கின்றன. பல்லவர் குலத்துச் சாமவை என்னும் அரசியார் வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த செய்தியையும் ஒரு தமிழ்க் கல்வெட்டே தெரிவிக்கிறது. அது 10-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படுவது. பின்னர் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1513-ஆம் ஆண்டு முதல் ஏழு முறை திருமலைக்கு வந்து வழிபட்டார். அவருடைய கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிற் பொறிக்கப்பட்டன. மொழிக்கு ஒரு கல் என்று மன்னர் பொறித்து வைத்ததை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வந்து வணங்குவோர் மூன்று மொழியினர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி, மலையடிவாரத்துத் திருச்சானூருக்கு வருவோம். கல்வெட்டுகளில் இது திருச்சொகினூர் என்று காணப்படுகிறது. சுக முனிவர் பெயரால் திருச்சுகனூர் ஆயிற்று என்பது தலபுராணம். இவ்வூரின் மற்றொரு பெயர் அலமேலு மங்காபுரம். அலர் என்றால் மலர். மலர் மேல் வீற்றிருக்கும் மங்கை அலர்மேல்மங்கை. நம்மாழ்வார் பாடலிலும் இடம்பெற்ற இத்தமிழ்த் தொடர், நாவிலே தேய்ந்து அலமேலு ஆயிற்று. 15-ஆம் நூற்றாண்டிலே தெலுங்குக் கீர்த்தனைகளால் வேங்கடவனைப் போற்றிய அன்னமாச்சாரியார், அன்னையை அலமேலுமங்கா என்று பாடினார். இன்று தெலுங்கு நாட்டிலே அப்பெயருடைய பெண்மணிகள் எத்துணையோ பேர்! தம் பெயரின் முதற்பகுதி ஒரு தமிழ்ப் பூ என்பதை அவர்களுட் பலர் அறியார். நம்மவரிலும் பலர் அறியார்.

ஆற்றுப் பெயரும் அவ்வாறே. திருச்சானூரையும் காளத்தியையும் அணைந்து ஓடும் ஆற்றினைச் சேக்கிழார் பொன்முகலி என்றார். இன்று அது சுவர்ணமுகி. பொன் சுவர்ணம் ஆயிற்று. ஏழுமலையான் தெலுங்கிலே ஏடுகொண்டலவாடு ஆனான்; சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. ஆயினும், தெலுங்கிலே மலைக்குக் கொண்ட என்ற சொல் இருந்தும், அம்மலையைத் தெலுங்கர் திருமல என்றே போற்றுகின்றனர். சில பெயர்கள் மொழிபெயர்ந்தன; சில பெயர்கள் அப்படியே தங்கின. எல்லை நிலத்து வாழ்வு என்பது இதுவே.

இந்நிலம் முழுவதும் பழைய தொண்டை மண்டலத்தின் பகுதி. காளத்திக்கு அருகே தொண்டமனாடு என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. கல்வெட்டுகள் கூறும் தொண்டைமானாற்றூர் அதுவே; முதலாம் ஆதித்த சோழன் உயிர் நீத்த இடம் அது. சித்தூருக்கு வடக்கே விநாயகர் எழுந்தருளிய காணிப்பாக்கத்தை அறியாதார் இலர். காணி என்பது நிலவுரிமையையும் நில அளவையும் குறிக்கும். பாக்கம் என்பது சிறு குடியிருப்பைக் குறிக்கும். சென்னையிலுள்ள சேப்பாக்கமும் நுங்கம்பாக்கமும் இக்காணிப்பாக்கமும் ஒரு குடும்பத்துப் பெயர்கள்.

இவ்வகையில் மிக எளிய பெயர் சித்தூர். இளமையில் இலக்கணம் பயின்றவர்க்குப் பண்புப்பெயர்ப் புணர்ச்சி நினைவிருக்கும். சிறுமையும் ஊரும் சேர்ந்தால், ஈறு கெட்டு, தன்னொற்று இரட்டிச் சிற்றூர் ஆகும். பெருமையும் ஊரும் சேர்ந்தால் பேரூர் ஆகும். சிற்றூர் பேச்சு வழக்கிற் சித்தூர் ஆயிற்று. காற்று காத்து ஆவது போல. அப்பேச்சு வடிவமே தெலுங்கு எழுத்தில் ஏறி நின்றது. கேரள மாநிலம் பாலக்காட்டை அடுத்து மற்றொரு சிற்றூர் உண்டு. மலையாள எழுத்தில் அவ்வூர்ப் பெயர் இன்றளவும் றகரம் இரட்டித்தே எழுதப்படுகிறது. உடன்பிறந்தார் இருவர் இருவேறு வீட்டில் வளர்ந்தது போல, ஒரே பெயர் இரு மாநிலத்தில் இரு வடிவில் வாழ்கிறது. இராசத்தானத்திலுள்ள மேவார்க் கோட்டையையும் தமிழர் சித்தூர் என்பதுண்டு. 1963-இல் சித்தூர் ராணி பத்மினி என்று ஒரு திரைப்படமும் வந்தது. அதற்கும் நம் சிற்றூருக்கும் ஒலியொற்றுமை அன்றி உறவு இல்லை.

சிற்றூர் என்று பெயர் கொண்ட அவ்வூர், ஆங்கிலேயர் ஆட்சியில் வடார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. 1911 ஏப்ரல் முதல் நாள் தனி மாவட்டம் அமைந்தபோது, அம்மாவட்டத்திற்கே அதன் பெயர் சூட்டப்பட்டது. சியோல் தன் பெயராலேயே தலைநகர். சித்தூரோ பெயராற் சிற்றூர், பதவியால் தலைநகர். அவ்வூரைப் பேரூர் என்று மாற்ற எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அடக்கமும் ஒரு பெருமைதானே!

இனி, யாருக்கு உரியன என்னும் வினாவுக்கு வருவோம். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. அந்நாளிலே ஊர்ப்பெயர்கள் வழக்குமன்றச் சான்றுகள் போல எடுத்துக் காட்டப்பட்டன. தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைக் கிளர்ச்சியை நடத்திச் சிறை சென்றார். வேங்கடம் எமதே என்று இப்பக்கத்தில் முழங்கினர். சென்னை எமதே என்று அப்பக்கத்தில் முழங்கினர். பின்னர், படாஸ்கர் வகுத்த தீர்வின் வழியே 1959-ஆம் ஆண்டில் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழர் மாநிலத்திற் சேர்ந்தது. திருப்பதியும் சித்தூரும் காளத்தியும் ஆந்திரத்திலேயே நின்றன.

பெயரே பட்டா என்று கொண்டால் முடிவு எங்கே செல்லும்? சென்னையின் கதையைக் கேளுங்கள். 1639-ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர்க்குக் கோட்டை கட்ட இடம் தந்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். காளத்தியைச் சார்ந்த தெலுங்குக் குடியினர். அவர் தம் தந்தை சென்னப்ப நாயக்கர் பெயராலேயே சென்னப்பட்டினம் எழுந்தது என்பது பெரும்பான்மையோர் ஏற்கும் விளக்கம். அவர்க்கு மேலாகச் சந்திரகிரியில் வீற்றிருந்த விசயநகர மன்னர் பெயரும் வேங்கடரே. திருப்பதிக்குத் தமிழ்ப் பெயர். தமிழ்நாட்டின் தலைநகருக்குத் தெலுங்கர் பெயர். அப்பெயரைத் தந்தவர் கையெழுத்திலோ மீண்டும் வேங்கடம்! இந்த முடிச்சை எந்த எல்லைக்கோட்டாலும் வெட்டுதல் இயலாது. திருத்தணியிலே 1888-இல் ஒரு தெலுங்குக் குடும்பத்திற் பிறந்த இராதாகிருஷ்ணன் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தார். அவரை நம்மவர் என்று இரு மொழியினரும் கொண்டாடுகின்றனர். ஊர்ப்பெயரையும் அவ்வாறு கொண்டாடுதல் கூடும்.

அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுவேன். ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தமைத்தபோது, 2022 சனவரியில் வெளிவந்த வரைவு அறிவிப்பில் ஸ்ரீ பாலாஜி மாவட்டம் என்றொரு பெயர் இருந்தது. பாலாஜி என்பது வட நாட்டு அடியார்கள் வேங்கடவனுக்கு இட்டு வழங்கும் அன்புப் பெயர். அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் மாவட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதன் பெயர் திருப்பதி மாவட்டம் என்றே அமைந்தது. அப்பழம்பெயரை ஏற்றவர் ஒரு தெலுங்கு மாநிலத்து ஆட்சியாளர். அங்ஙனம் நிலைத்த பெயர் தமிழ்ப் பெயர்.

அன்பர்களே! ஊர்ப்பெயர் நிலத்தின்மேல் உரிமை நாட்டும் ஆவணமாகாது. முன்னோர் அங்கே வாழ்ந்தனர், உழுதனர், வழிபட்டனர் என்பதற்கு அது சான்று, அவ்வளவே. அச்சான்று அழிவதற்குப் பிறர் வந்து மாற்ற வேண்டுவதில்லை. பொருள் அறியாமல் நாமே சொல்லிக்கொண்டிருந்தால், ஒலி மட்டும் எஞ்சி உயிர் போய்விடும். ரா. பி. சேதுப்பிள்ளை 1946-இல் ஊரும் பேரும் என்னும் நூலினைத் தந்தது அவ்வுயிரைக் காத்தற்பொருட்டே.

உங்கள் பிள்ளைகள் தெலுங்கிலோ, கன்னடத்திலோ, இந்தியிலோ பாடம் படிக்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவர்களைத் திருமலைக்கு அழைத்துச் செல்லும்போது, பெயர்ப்பலகையின் கீழே ஒரு கணம் நிறுத்திச் சித்தூர் என்பது சிறிய ஊர் என்று சொல்லுங்கள். அலமேலு என்பதில் ஒரு மலர் இருக்கிறது என்று சொல்லுங்கள். அருகில் நிற்கும் தெலுங்கு நண்பருக்கும் அதனைச் சொல்லுங்கள். அவரும் உங்களுக்குத் தம் மொழிச் செய்தி ஒன்று சொல்வார்.

மார்கழித் திங்களில், திருமலையிலே வடமொழிச் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. இருள் நீங்கா அவ்வேளையில், வாயிலின் வெளியே குளிரில் நிற்போருள் தமிழர் உண்டு, தெலுங்கர் உண்டு, கன்னடர் உண்டு, வட நாட்டாரும் உண்டு. பேச்சு மாறும் எல்லை என்று புலவர் பாடிய அம்மலையிலே, எல்லாப் பேச்சினரும் ஒரு தமிழ்ப் பாட்டைக் கேட்டு விழிக்கின்றனர்.